இலையுதிர் காலத்தில் தொடங்கும் ஆண்டு: அமெரிக்க லுத்தரன் சபைகளின் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான வாழ்வு

ஐக்கிய அமெரிக்காவின் வட நடுப்பகுதியில், மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா ஆகிய மாநிலங்களில் பரவியிருக்கும் லுத்தரன் சபைகள் ஓர் ஆண்டுக்குள் மூன்று தொடக்கங்களை வைத்துக்கொண்டு வாழ்கின்றன. சனவரி முதல் நாளில் அரசு நாட்காட்டியின் ஆண்டும், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்திய நான்காம் ஞாயிறன்று திருவருகைக் காலத்தோடு திருச்சபை ஆண்டும் தொடங்குகின்றன. ஆனால் வகுப்புகள், பாடகர் குழு, பெண்கள் சங்கம், காணிக்கைத் திட்டம் ஆகிய அனைத்தும் சேர்ந்த சபையின் நடைமுறை வாழ்வு செப்டம்பர் மாதத்தில்தான் தொடங்குகிறது.

இந்த மூன்றாம் தொடக்கத்தை எந்த வழிபாட்டு நூலும் விதிக்கவில்லை. எந்தப் பேரவையும் தீர்மானம் இயற்றி அதை உருவாக்கவில்லை. பண்ணை வேலையும் பள்ளிக்கூடமும் தொழிலாளர் விடுமுறையும் சேர்ந்து வகுத்த ஒரு காலக்கணக்கு, பல தலைமுறைகளாகத் திருச்சபையின் காலக்கணக்கின்மேல் படிந்து, இன்று அதிலிருந்து பிரிக்க முடியாதபடி ஒன்றிவிட்டது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது கோடை விடுமுறைக்குப் பின் பணிகளை மீண்டும் தொடங்கும் நிர்வாக ஏற்பாடாகவே தோன்றும். ஆயினும், மனிதர் தம் நற்செயல்களால் அன்றி விசுவாசத்தினாலேயே கடவுள்முன் நீதிமான்களாக ஏற்கப்படுகிறார்கள் என்ற கோட்பாட்டின்மேல் எழுந்த ஒரு திருச்சபை, ஆண்டின் இந்த மூன்று மாதங்களை ஏன் இத்தனை செயல்களால் நிரப்புகிறது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு லுத்தரன் மரபு தரும் விடை தெளிவானது. எல்லாச் சபைகளும் அதை ஒரே அளவில் நினைவில் வைத்திருக்கின்றனவா என்பதுதான் ஐயத்துக்குரியது.

திருச்சபை ஆண்டின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வது பயன்தரும். திருவருகைக் காலம் முதல் பெந்தெகொஸ்தே வரையிலான பகுதி, கிறிஸ்துவின் பிறப்பு, பாடுகள், உயிர்த்தெழுதல், பரிசுத்த ஆவியின் வருகை ஆகியவற்றைக் கொண்டாடும் திருநாள்களால் நிறைந்தது. பெந்தெகொஸ்தேக்கு அடுத்துவரும் திரித்துவ ஞாயிறோடு தொடங்கும் மறுபாதியில் பெருந்திருநாள்கள் மிகக் குறைவு. பீடத்தின்மேல் விரிக்கும் துணியும் குருவானவர் தோளில் அணியும் துணிப்பட்டையும் மாதக்கணக்கில் பச்சை நிறத்திலேயே இருக்கும். இலையுதிர் காலம் இந்தப் பச்சைக் காலத்தின் பின்பகுதியில் வருகிறது. பெரும்பாலான லுத்தரன் சபைகள் பின்பற்றும் மூன்றாண்டு வாசிப்புப் பட்டியல், ஓர் ஆண்டு மத்தேயு, அடுத்த ஆண்டு மாற்கு, அதற்கடுத்த ஆண்டு லூக்கா என்று ஒவ்வொரு நற்செய்தி நூலையும் எடுத்துக்கொண்டு, இந்த மாதங்களில் அதை ஏறத்தாழ தொடர்ச்சியாகவே வாசிக்கச் செய்கிறது. லூக்காவின் ஆண்டில் செப்டம்பர் நடுவில் காணாமற்போன ஆட்டின் உவமை வருகிறது. மாற்குவின் ஆண்டில் நவம்பரில் ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இட்ட இரண்டு காசுகளைப் பற்றிய பகுதி வருகிறது. மத்தேயுவின் ஆண்டில் பத்துக் கன்னியரும் தாலந்துகளும் இறுதித் தீர்ப்பும் நவம்பர் ஞாயிறுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆண்டின் முதற்பாதி கிறிஸ்துவுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கொண்டாட, இந்தப் பாதி அவர் என்ன போதித்தார் என்பதைக் கேட்க ஒதுக்கப்பட்டிருக்கிறது. கற்றலுக்கு உரிய காலமாகச் சபை தன்னளவில் செப்டம்பரைத் தேர்ந்துகொண்டது வாசிப்புப் பட்டியலின் போக்கோடு நன்கு பொருந்தி வருவதற்கு இதுவே காரணம்.

செப்டம்பர் ஏன் என்பதற்கான விடை சபைக்கு வெளியே இருக்கிறது. இந்த மாநிலங்களில் கோதுமை பெரும்பாலும் ஆகஸ்டில் அறுவடையாகிறது. கோடையின் கடும் வேலை முடிந்து, சோள அறுவடையின் நெருக்கடி வருவதற்கு முன் சற்று மூச்சுவிடும் இடைவெளி கிடைக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறை முழுவதுமே பண்ணை வேலைக்காக ஏற்பட்டது என்ற பரவலான கருத்து சரியன்று. 19ஆம் நூற்றாண்டின் நாட்டுப்புறப் பள்ளிகள் குளிர்காலத்திலும் கோடையிலும் நடந்து, விதைப்பும் அறுவடையும் நிகழும் மாதங்களில் மூடப்பட்டன. நீண்ட கோடை விடுமுறை நகரப் பள்ளிகளின் வழக்கமாக வளர்ந்து பின்னரே பொதுவழக்காயிற்று. செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் நாள் 1894இல் கூட்டாட்சி அரசின் விடுமுறையானபின், கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் இடையிலான எல்லைக்கல் உறுதியாக நடப்பட்டது. மினசோட்டாவில் மாநிலக் கண்காட்சி அன்று முடிகிறது. பள்ளிகள் பொதுவாக அதன் பின்னரே திறக்கின்றன. கோடை வார இறுதிகளை வடக்கு ஏரிக்கரைக் குடில்களில் கழித்த குடும்பங்கள் ஊர் திரும்புகின்றன. கோடை முழுவதும் ஒரே ஆராதனையோடு நிறுத்திக்கொண்டிருந்த சபைகள் அதற்கடுத்த ஞாயிறு முதல் காலையில் இரண்டு ஆராதனைகளையும் அவற்றுக்கிடையே ஒரு கல்வி மணி நேரத்தையும் வைக்கின்றன.

அந்த ஞாயிறுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர் ‘ராலி டே’. அணிதிரளும் நாள் என்ற பொருளில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபைகளின் ஞாயிறு பள்ளி இயக்கம் பரப்பிய வழக்கம் இது; கோடையில் கலைந்த பிள்ளைகளை மீண்டும் அழைக்க வண்ண அஞ்சலட்டைகள் அச்சிடப்பட்டு வீடுவீடாக அனுப்பப்பட்டன. ஞாயிறு பள்ளியே லுத்தரன் மரபில் பிறந்ததன்று. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொழிற்கூடப் பிள்ளைகளுக்காக முன்னெடுத்த முயற்சியிலிருந்து வளர்ந்து, அமெரிக்காவில் பல திருச்சபைகளின் பொதுச் சொத்தாக மாறியது அது. இதனாலேயே லுத்தரன்களில் ஒரு பகுதியினர், சிறப்பாக 1847இல் உருவான மிசௌரி சினாடு என்ற லுத்தரன் பேரவையைச் சேர்ந்த ஜெர்மானியர், தொடக்கத்தில் அதை ஐயத்தோடு பார்த்தனர். வாரம் ஒரு மணி நேரம் போதாது, சபையே நடத்தும் முழுநேரப் பள்ளியும் முறையான ஞானோபதேசமும் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் அன்றைக்குப் பழமைவாதமாகத் தோன்றியிருக்கலாம்; இன்று ஞாயிறு பள்ளியின் வலுவின்மையை எண்ணும்போது அதில் உண்மை இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இக்காலச் சபைகளில் அந்த ஞாயிறன்று பாடகர் குழு மேலங்கி அணிந்து மீண்டும் தன் இடத்தில் நிற்கிறது. கற்பிக்க முன்வந்த ஆசிரியர்கள் சபையின்முன் அழைக்கப்பட்டு, ஜெபத்தோடு அப்பணியில் அமர்த்தப்படுகிறார்கள். பல சபைகளில் மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு, தாமாக வாசிக்கத் தொடங்கும் வயது என்பதால், பெயர் எழுதிய வேதாகமம் பெற்றோர் கையால் தரப்படுகிறது. பள்ளிப் பைகளோடு வரும் பிள்ளைகளை ஆசீர்வதிக்கும் சடங்கு அண்மைக்காலத்தில் சேர்ந்தது. ஆராதனைக்குப் பின் வெளியே உணவும் விளையாட்டும் உண்டு. இவற்றில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு நாளின் கூட்டத்தைக் கொண்டு ஆண்டின் நலத்தை அளக்கும் பழக்கம் இந்த நாளோடு சேர்ந்தே வளர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பருவத்தின் உயிர்நிலை வேறோரிடத்தில், ஞானோபதேசக் கற்பித்தலில், இருக்கிறது. 1528இல் சாக்சனி நாட்டின் சபைகளைப் பார்வையிடச் சென்ற மார்ட்டின் லுத்தர், மக்கள் கர்த்தருடைய ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும்கூட அறியாதிருந்ததையும், குருமாரில் பலர் கற்பிக்கும் திறனற்றிருந்ததையும் கண்டு, அடுத்த ஆண்டு தம் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். ஞானோபதேசம் என்பது விசுவாசத்தின் அடிப்படைகளை வினாவும் விடையுமாகக் கற்பிக்கும் சிறுநூல். அது முதலில் சுவரில் மாட்டும் தாள்களாக அச்சிடப்பட்டதும், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய முறை என்று அதன் பகுதிகள் தலைப்பிடப்பட்டதும், கற்பித்தலைக் கோவிலுக்குள் அடைத்துவிடாமல் உணவு மேசைக்குக் கொண்டுவர லுத்தர் விரும்பியதைக் காட்டுகின்றன. உலகெங்குமுள்ள லுத்தரன்களை இணைக்கும் நூல் எது என்று கேட்டால், வேதாகமத்துக்கு அடுத்து இந்தச் சிறுநூலையே சொல்ல வேண்டும்; 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழில் முதலில் பெயர்த்த நூல்களில் அதுவும் ஒன்று.

இந்த நூலைக் கற்ற பிள்ளை, குழந்தையாக இருந்தபோது தனக்குத் தரப்பட்ட ஞானஸ்நானத்தின் உடன்படிக்கையைத் தன் வாயால் சபைமுன் உறுதிசெய்வது திடப்படுத்தல் எனப்படுகிறது. லுத்தர் இதைத் திருவருட்சாதனமாகக் கொள்ளவில்லை. 1539இல் ஹெஸ் நாட்டின் சீகன்ஹைன் ஒழுங்குமுறையின் வழியாக மார்ட்டின் பூட்சர் இதற்குச் சீர்திருத்தத் திருச்சபைக்குரிய வடிவத்தைத் தந்தார். இது ஒரு மக்களின் வாழ்க்கைப் படியாகவே மாறியது ஸ்காண்டிநேவியாவில்தான். டென்மார்க்கையும் நார்வேயையும் ஆண்ட ஆறாம் கிறிஸ்டியன் 1736இல் திடப்படுத்தலைச் சட்டத்தால் கட்டாயமாக்கினார். அடுத்த ஆண்டு எரிக் பொன்டோப்பிடான் எழுதிய ஞானோபதேச விளக்கம், எழுநூறுக்கும் மேற்பட்ட வினா விடைகளோடு, நார்வேயின் கிராமங்களில் பிள்ளைகள் வாசிக்கக் கற்ற நூலாகவே ஆனது. அந்த மன்னரின் தந்தை நான்காம் பிரெடரிக்தான் சீகன்பால்கைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியவர். ஜெர்மனியின் ஹாலே நகரை மையமாகக் கொண்ட லுத்தரன் பக்தி இயக்கத்தின் ஒரே அலைதான், தந்தையின் காலத்தில் சோழமண்டலக் கடற்கரையையும் மகனின் காலத்தில் நார்வேயின் பள்ளத்தாக்குகளையும் தொட்டது. 1742இல் அதே ஹாலேயிலிருந்து பென்சில்வேனியாவுக்கு அனுப்பப்பட்ட ஹென்றி மெல்கியோர் மூலென்பெர்க், சிதறிக் கிடந்த ஜெர்மானியச் சபைகளை ஒன்றுசேர்த்து 1748இல் அமெரிக்காவின் முதல் லுத்தரன் பேரவையை அமைத்தார்.

1825இல் தொடங்கிய நார்வே மக்களின் குடிபெயர்வு, நிலமற்றவருக்கு நிலம் தந்த 1862ஆம் ஆண்டின் சட்டத்துக்குப்பின் பெருகியபோது, பொன்டோப்பிடானின் நூலும் அவர்களுடைய பெட்டிகளில் ஏறிச் சென்றது. திடப்படுத்தல் இன்றும் அவர்களுடைய வழித்தோன்றல்களிடையே ஆழ வேரூன்றியிருப்பதற்கு இதுவே பின்னணி. ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ தொடங்கி இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் நீளும் இந்த வகுப்புகள் பெரும்பாலும் புதன்கிழமை மாலையில் நடக்கின்றன. புதன்கிழமை திருச்சபைக்கு உரிய மாலை என்று பொதுப் பள்ளிகளே ஏற்றுக்கொண்டு, அன்று போட்டிகளும் பயிற்சிகளும் வைப்பதைத் தவிர்த்த வழக்கம் மினசோட்டாவின் சிற்றூர்களில் நெடுங்காலம் இருந்தது. எளிய உணவு, ஒரு சிறு ஜெப ஆராதனை, வகுப்பு என்று அந்த மாலை செல்லும். வகுப்பில் குருவானவர் கற்பித்ததைச் சிறு குழுக்களாகப் பிரிந்து பேசுவதற்குச் சபையின் பெரியவர்கள் பொறுப்பேற்கிறார்கள். ஓர் உழவரோ தாதியரோ கணக்காளரோ தம் விசுவாசத்தைப் பற்றி அந்நியர் வீட்டுப் பிள்ளைகளோடு வாரந்தோறும் பேசுகிறார்கள். சபையின் பல ஏற்பாடுகளில் லுத்தரின் நோக்கத்துக்கு மிக அருகில் நிற்பது இதுதான். பல சபைகள் திடப்படுத்தலை அக்டோபர் இறுதி ஞாயிறான சீர்திருத்த ஞாயிறன்று நடத்துகின்றன. வெள்ளை அங்கியும் அதன்மேல் குத்திய சிவப்பு மலரும் அன்றைய அடையாளங்கள்.

செயல்களைப் பற்றிய கேள்விக்கு இனி வரலாம். 1520இல் எழுதிய ‘கிறிஸ்தவரின் சுதந்திரம்’ என்ற நூலில் லுத்தர் முன்வைத்த கருத்து, விசுவாசத்தினால் கடவுளிடம் எல்லாவற்றையும் பெற்றுவிட்டவர் இனித் தமக்காக ஈட்டவேண்டியது ஒன்றுமில்லை, ஆகவே அவருடைய உழைப்பு முழுவதும் அயலாருக்கு உரியதாக விடுபட்டுவிட்டது என்பதாகும். நற்செயல் கடவுளுக்குத் தேவையில்லை, அயலாருக்குத் தேவை. இந்தக் கோட்பாட்டைச் செயல்வடிவில் காட்டும் முயற்சியாக, 1988இல் மூன்று திருச்சபைகள் இணைந்து உருவான அமெரிக்கச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, தன் 25ஆம் ஆண்டைக் கொண்டாடிய 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு ஞாயிறைச் சேவைக்கென ஒதுக்கியது. கடவுளின் பணி, நம் கைகள் என்ற கருத்தைத் தாங்கிய மஞ்சள் சட்டைகளோடு சபையார் பூங்காக்களைத் துப்புரவு செய்வதும், உணவு வங்கிகளுக்குப் பொருள் சேர்ப்பதும், முதியோர் வீடுகளைப் பழுதுபார்ப்பதும் அன்று முதல் ஆண்டுதோறும் செப்டம்பரின் பகுதியாகிவிட்டன.

ஆனால் அதே கோட்பாட்டுக்கு நீண்டகாலமாக, சட்டையும் விளம்பரமும் இல்லாமல், சாட்சியாக இருந்து வருவது பெண்களின் ஒட்டுப்போர்வைப் பணி. இரண்டாம் உலகப்போரால் சிதைந்த ஐரோப்பாவுக்கு உதவ 1945இல் தொடங்கப்பட்ட லுத்தரன் உலக நிவாரண அமைப்புக்காக, ஆயிரக்கணக்கான சபைகளின் அடித்தளக் கூடங்களில் பெண்கள் வாரந்தோறும் கூடி, வெட்டி மீந்த துணிகளையும் பழைய படுக்கை விரிப்புகளையும் சதுரங்களாக வெட்டி இணைக்கிறார்கள். மேல்துணிக்கும் அடித்துணிக்கும் இடையில் பஞ்சு அடுக்கோ பழைய கம்பளியோ வைத்து, மூன்றையும் நூல்முடிச்சுகளால் பிணைத்துவிடுவதே முறை. நுணுக்கமான தையல் தேவையில்லை என்பதால் பிள்ளைகளும் ஆண்களும்கூட முடிச்சிட உதவலாம். இவை அகதி முகாம்களிலும் பேரிடர்ப் பகுதிகளிலும் போர்வையாக மட்டும் பயன்படுவதில்லை. தரை விரிப்பாகவும், கூடாரத் திரையாகவும், குழந்தையை முதுகில் கட்டும் துணியாகவும், சந்தைக் கடையின் நிழற்பந்தலாகவும் பயன்படுகின்றன. இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறன்று, அனுப்புவதற்கு முன், அந்தப் போர்வைகள் கோவிலின் இருக்கைகள்மேல் வரிசையாக விரிக்கப்பட்டு, சபையார் அவற்றின்மேல் கைவைத்து ஜெபிக்கிறார்கள். பின்னர் அவை பெட்டிகளில் கட்டப்பட்டு, குறித்த நாளில் குறித்த இடத்துக்கு வரும் லாரிகளில் ஏற்றப்படுகின்றன. செய்தவர் பெயரைப் பெறுபவர் அறியார். பெறுபவர் முகத்தைச் செய்தவர் காணார். நன்றியையோ புண்ணியத்தையோ எதிர்பார்க்க வழியில்லாத இந்தக் கொடையில், லுத்தரின் கோட்பாடு எந்தப் பிரசங்கத்திலும் காண முடியாத தெளிவோடு வெளிப்படுகிறது.

பணத்தைப் பற்றி அக்டோபரில் பேசுவதும் இந்தப் பருவத்தின் பகுதிதான். ஜெர்மனியில் திருச்சபை உறுப்பினரின் வருமான வரியோடு அதில் 8 அல்லது 9 விழுக்காடு அளவுக்குத் திருச்சபை வரியும் சேர்த்துத் திரட்டப்படுகிறது. ஸ்காண்டிநேவியாவில் திருச்சபை நெடுங்காலம் அரசின் ஓர் அங்கமாகவே இருந்தது. அமெரிக்காவுக்கு வந்த லுத்தரன்கள், கோவில் கட்டுவதற்கும் குருவானவருக்குச் சம்பளம் தருவதற்கும் அரசிடம் செல்ல முடியாது என்பதைக் கண்டபோது, தாமே கொடுத்து நடத்தும் சபை என்ற புதிய அமைப்புக்குப் பழக வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டுக்குத் தாம் தரவிருக்கும் தொகையை ஒவ்வொரு குடும்பமும் ஓர் அட்டையில் எழுதிப் பீடத்தில் படைக்கும் ஞாயிறு அந்த வரலாற்றின் விளைவு. சனவரியில் கூடும் சபைப் பொதுக்கூட்டம் ஏற்கும் வரவுசெலவுத் திட்டம் அந்த அட்டைகளின்மேல்தான் எழுகிறது. மிசௌரி சினாடின் பெண்கள் 1942இல் அமைத்த மிஷனரிச் சங்கம், அக்டோபர் முதல் ஞாயிறைத் தன் நாளாகக் கொண்டு, வீட்டில் வைத்துச் சில்லறைக் காசு சேர்க்கும் சிறு பெட்டிகளால் அருட்பணிகளுக்கு நிதி திரட்டுகிறது. விதவையின் இரண்டு காசுகளை நினைவூட்டும் அந்தப் பெட்டி, தமிழ்ச் சபைகளில் உலை வைக்கும்போது எடுத்துவைக்கும் பிடியரிசிக் காணிக்கைக்கு நெருங்கிய உறவுடையது.

நார்வே, சுவீடன் வழிச் சபைகள் அக்டோபர் முதல் நடத்தும் லூட்டஃபிஸ்க் விருந்தும் நிதி திரட்டும் வழிகளில் ஒன்று. உலர்ந்த காட் மீனைக் காரநீரில் ஊறவைத்து, பின் பலநாள் நல்ல நீரில் அலசி, அவித்து, உருக்கிய வெண்ணெயோடும் உருளைக்கிழங்கு மாவில் சுட்ட மெல்லிய லெஃப்சே ரொட்டியோடும் பரிமாறுவார்கள். வறுமையில் ஊரைவிட்டு வந்தவர்களின் உணவு, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஊர் முழுவதையும் அழைத்து உபசரிக்கும் விருந்தாக உயர்ந்திருக்கிறது.

அக்டோபர் 31, லுத்தர் 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு எதிரான 95 கருத்துரைகளை வெளியிட்ட நாள். 1667இல் சாக்சனியின் இரண்டாம் யோகான் கேயோர்க் அந்த நாளை ஆண்டுத் திருநாளாக நிலைநிறுத்தினார். அமெரிக்கச் சபைகள் அதற்கு முந்திய அல்லது அந்நாளிலேயே வரும் ஞாயிறன்று இதைக் கொண்டாடுகின்றன. பச்சைத் துணிகள் நீங்கிச் சிவப்பு விரிகிறது. 46ஆம் சங்கீதத்தைத் தழுவி லுத்தர் இயற்றிய பாடல் முழங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இந்த நாள் ரோமத் திருச்சபையை எதிர்த்துப் பேசும் நாளாகவே பல ஊர்களில் இருந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில், நீதிமானாக்கப்படுதல் பற்றிய கோட்பாட்டின் அடிப்படை உண்மைகளில் தமக்குள் உடன்பாடு உண்டு என்று லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் அறிவித்து ஒப்பமிட்டதும், 2016இல் அதே நாளில் சுவீடனின் லுண்ட் பேராலயத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் லுத்தரன் தலைவர்களோடு சேர்ந்து ஜெபித்ததும், அந்த நாளின் உணர்வை மாற்றிவிட்டன. மிசௌரி சினாடு 1999ஆம் ஆண்டின் அந்தக் கூட்டறிக்கையை ஏற்கவில்லை என்பதால் மாற்றம் எங்கும் ஒரே அளவினதன்று. ஆனால் 95 கருத்துரைகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதே. எதிராளியின் குற்றத்தைப் பேசுவதைவிடச் சபை தன் குறையை அறிக்கையிடுவதே அந்தக் கருத்துரைக்கு நேர்மையான கொண்டாட்டம். இலையுதிர் காலப் புதுப்பித்தல் முழுவதற்கும் அடிப்படை இதில்தான் இருக்கிறது. சிறிய ஞானோபதேசத்தின் நான்காம் பகுதி, ஞானஸ்நானம் ஒருமுறை நிகழ்ந்து முடிந்த சடங்கன்று, பழைய மனிதர் நாள்தோறும் மூழ்கிப் புதிய மனிதர் நாள்தோறும் எழுவது என்று விளக்குகிறது. ஆகவே லுத்தரன் புரிதலில் புதுப்பித்தல் என்பது புதிய திட்டங்களைத் தொடங்குவதைக் காட்டிலும், ஏற்கெனவே தரப்பட்டதற்குத் திரும்பி வருவதையே குறிக்கிறது.

நவம்பர் முதல் ஞாயிறன்று சகல பரிசுத்தவான்களின் திருநாள் அனுசரிக்கப்படுகிறது. சிவப்பு நீங்கி வெள்ளை வருகிறது. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை தன் 21ஆம் பிரிவில், பரிசுத்தவான்களை விசுவாசத்துக்கு முன்மாதிரியாக நினைவுகூரலாம், ஆனால் அவர்களிடம் வேண்டுதல் செய்யலாகாது என்று வரையறுத்தது. பரிசுத்தவான்கள் என்ற சொல்லால் லுத்தரன் மரபு கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்ற எல்லாரையும் கருதுகிறது. அதனால் அன்று உயர்த்திப் பேசப்படுபவர் அற்புதம் செய்த பெரியோர் அல்லர். கடந்த ஆண்டு அந்தச் சபையில் இறந்தவர்களே. குருவானவர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, பெயருக்கொரு முறை மணி ஒலிக்க, குடும்பத்தார் முன்வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஜெர்மனியில் இதே பணியைச் செய்வது, திருச்சபை ஆண்டின் கடைசி ஞாயிறை இறந்தோர் நினைவு நாளாக 1816இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் அறிவித்த ஏற்பாடு. போர்வைகளுக்கு முடிச்சிட்டவரும், புதன் மாலையில் பிள்ளைகளோடு பேசியவரும், பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்றவரும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். செப்டம்பரில் தொடங்கிய செயல்கள் எல்லாவற்றுக்கும் மனிதர் என்ற அளவில் ஒரு முடிவு உண்டு என்பதையும், அந்த முடிவில் அவர்களைக் காப்பது அவர்களுடைய செயல்கள் அல்ல என்பதையும் சபை ஒரே நேரத்தில் கேட்கிறது.

நவம்பரின் நான்காம் வியாழனன்று வரும் நன்றியறிதல் நாளை ஒட்டிய ஆராதனையும், கிறிஸ்து அரசர் ஞாயிறும் பருவத்தை முடித்துவைக்கின்றன. பதினோராம் பயஸ் 1925இல் ஏற்படுத்திய கத்தோலிக்கத் திருநாளான பின்னதை லுத்தரன்கள் தங்கள் ஆண்டின் இறுதி ஞாயிறாக ஏற்றுக்கொண்டனர். மத்தேயுவின் ஆண்டில் அன்று வாசிக்கப்படும் இறுதித் தீர்ப்பில், பசித்தவருக்கு உணவும் ஆடையற்றவருக்கு ஆடையும் கொடுத்தவர்கள், தாம் யாருக்குக் கொடுத்தோம் என்பதை அறியாமலேயே கொடுத்தவர்களாக இருக்கிறார்கள்.

இந்த வாழ்வு முறை இன்று கடும் நெருக்கடியில் இருக்கிறது. தொடக்கத்தில் 52 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருந்த அமெரிக்கச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, அண்மை ஆண்டுகளில் 30 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சிற்றூர்களில் இரண்டு மூன்று சபைகள் ஒரு குருவானவரைப் பகிர்ந்துகொள்கின்றன. ஞாயிறு காலையையும் புதன் மாலையையும் பிள்ளைகளின் விளையாட்டுப் பயிற்சிகள் எடுத்துக்கொள்கின்றன. போர்வைக் குழுக்களில் மூத்தவர்களின் இடத்துக்கு இளையவர்கள் வருவது அரிதாகிவிட்டது. இதற்கு மறுமொழியாகத் தொடக்க விழாவை இன்னும் பெரிதாக்குவதும், இன்னும் கவர்ச்சியான நிகழ்ச்சிகளைச் சேர்ப்பதும் பல சபைகள் இயல்பாகத் தேர்ந்துகொள்ளும் வழி. ஆனால் செப்டம்பரில் வந்த கூட்டத்தை அக்டோபரில் தாங்கி நிறுத்தும் வலிமை விழாவுக்கு இல்லை. அந்த வலிமை கற்பித்தலுக்கே இருக்கிறது. ஆகவே ஒரு லுத்தரன் சபையின் எதிர்காலத்தை மதிப்பிட விரும்புபவர், முதல் ஞாயிறின் வருகைப் பதிவேட்டை விட்டுவிட்டு, அக்டோபர் மாதத்துப் புதன்கிழமை மாலை ஒன்றில், பிறர் பிள்ளைகளோடு ஞானோபதேசத்தைத் திறந்துவைத்து அமர எத்தனை பெரியவர்கள் வருகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.